நாளைக்கும் அவன் முகத்தில் முழிக்கணும்

1950 ஜனவரி. கலிஃபோர்னியாவின் கடற்கரை ஊரான சாண்டா மோனிக்காவில் இரண்டு பேர் சில்லறைக் காசுக்கு ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஒருவர் ஆர்மென் ஆல்ச்சியன், பொருளாதாரப் பேராசிரியர். இன்னொருவர் ஜான் வில்லியம்ஸ், ‘ராண்ட்’ என்ற ஆய்வு நிறுவனத்தின் கணிதப் பிரிவுக்குத் தலைவர். சீட்டு கிடையாது, தாயக்கட்டை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில், பேசிக்கொள்ளாமல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். இப்படி 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மனதில் ஓடியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும்.

அந்த இரண்டு தேர்வுகளுக்கும் அவர்கள் வெறும் எண்தான் வைத்திருந்தார்கள். நாம் பெயர் வைத்துக்கொள்வோம்: ஒன்று, சேர்ந்து நிற்பது. மற்றது, காலை வாருவது.

இருவரும் சேர்ந்து நின்றால் ஆல்ச்சியனுக்கு அரை சென்ட், வில்லியம்ஸுக்கு ஒரு சென்ட். இருவருமே காலை வாரினால் ஆல்ச்சியனுக்கு ஒன்றுமில்லை, வில்லியம்ஸுக்கு அரை சென்ட். ஒருவர் நம்பி நிற்க, மற்றவர் வாரிவிட்டால்? வாரியவருக்குக் கொழுத்த லாபம். அது ஆல்ச்சியன் என்றால் ஒரு சென்ட், வில்லியம்ஸ் என்றால் இரண்டு சென்ட். நம்பி நின்றவர் தன் கையிலிருந்து ஒரு சென்ட் அழ வேண்டும்.

இப்போது ஆல்ச்சியன் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். ‘எதிராளி சேர்ந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நானும் நின்றால் அரை சென்ட், வாரினால் ஒரு சென்ட். அப்போ வாரலாம். சரி, அவன் வாருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நான் நின்றால் ஒரு சென்ட் நஷ்டம், நானும் வாரினால் நஷ்டமில்லை. அப்பவும் வாரலாம்.’ அவன் என்ன செய்தாலும் வாருவதே லாபம். வில்லியம்ஸ் இடத்தில் உட்கார்ந்தாலும் இதே கணக்குதான் வரும். ஆக, இரண்டு புத்திசாலிகளும் வாருவார்கள். ஒருவருக்குச் சுழியம், மற்றவருக்கு அரை சென்ட். இரண்டு அசடுகள் நம்பி நின்றிருந்தால் அரை சென்ட்டும் ஒரு சென்ட்டும் வாங்கியிருப்பார்கள்.

இதை வடிவமைத்தவர்கள் மெரில் ஃப்ளட், மெல்வின் ட்ரெஷர் என்ற இரண்டு கணிதர்கள். பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன் ஒருவன் அப்போதுதான் ஒரு முடிவை வெளியிட்டிருந்தான்: இந்த வகை ஆட்டம் எதுவானாலும், தனியாக மாறினால் யாருக்கும் லாபமில்லை என்கிற ஒரு நிலை அதில் எங்காவது இருந்தே தீரும். பையன் பெயர் ஜான் நாஷ். ‘நாஷ் சமநிலை’ என்று இன்று பொருளாதாரம் முதல் வகுப்பில் சொல்லித் தருவது அதைத்தான். மேலே பார்த்த ஆட்டத்தில் அந்தச் சமநிலை ஒன்றே ஒன்று: இருவரும் காலை வாருவது. மனிதர்கள் நிஜத்தில் அங்கேதான் போய் நிற்கிறார்களா என்று பார்க்கத்தான் ஃப்ளட்டும் ட்ரெஷரும் இந்த இருவரையும் உட்கார வைத்தார்கள்.

போய் நிற்கவில்லை. 100 சுற்றில் ஆல்ச்சியன் 68 முறை சேர்ந்து நின்றார், வில்லியம்ஸ் 78 முறை. இருவரும் ஒரே சுற்றில் சேர்ந்து நின்றது 60 முறை. கடைசியில் ஆல்ச்சியன் 40 சென்ட்டும் வில்லியம்ஸ் 65 சென்ட்டும் சம்பாதித்திருந்தார்கள். கோட்பாடு சொன்னபடி ஆடியிருந்தால் ஆல்ச்சியன் வெறுங்கையோடு எழுந்திருப்பார், வில்லியம்ஸ் 50 சென்ட்டோடு. முழுக்க நம்பி ஆடியிருந்தால் 50 சென்ட், ஒரு டாலர்.

எண்களை விடவும் அந்தத் தாள்கள்தான் சுவாரஸ்யம். ஆல்ச்சியன் ஆரம்பத்தில் கோட்பாட்டின் பிள்ளையாகவே வருகிறார். எதிராளி வாரப்போகிறான் என்று எதிர்பார்த்து, அவன் வாராமல் நிற்பதைப் பார்த்துக் குழம்புகிறார். வில்லியம்ஸுக்கோ, இந்த ஆள் சீக்கிரம் புரிந்துகொள்வான் என்ற நம்பிக்கை. புரிய நேரமாக ஆக எரிச்சல். ஒவ்வொரு முறை ஆல்ச்சியன் வாரும்போதும் அடுத்த சுற்றுகளில் தண்டிக்கிறார், பிறகு மறுபடி கை நீட்டுகிறார். ஒரு கட்டத்தில், இது குழந்தைக்குக் கக்கூஸ் போகப் பழக்குவது மாதிரி, பொறுமை வேண்டும் என்று எழுதி வைக்கிறார். ஆல்ச்சியன் தரப்பில் வேறொரு மனக்குறை: சேர்ந்து நின்றாலும் அவனுக்குத்தானே இரண்டு மடங்கு போகிறது, இது என்ன நியாயம்? அந்தக் கடுப்பில் நடுநடுவே ஒரு சுற்று வாரிக் கணக்கைச் சரிக்கட்டப் பார்க்கிறார். முடிவு நெருங்கும்போது ‘இவன் எப்போ மாறுவான், நான் எப்போ மாறணும்’ என்ற யோசனை தலைகாட்டுகிறது. பத்து வருஷம் சேர்ந்து கடை நடத்திய இரண்டு பங்காளிகளின் டைரி மாதிரி இருக்கிறது. ஆடியது காசுக்கு, குறிப்பெல்லாம் அந்த ஆளைப் பற்றி.

நாஷிடம் முடிவைக் காட்டினார்கள். அவர் அசரவில்லை. இது 100 தனித்தனி ஆட்டமே இல்லை, பல நகர்வுகள் கொண்ட ஒரே ஒரு பெரிய ஆட்டம் என்றார். இரண்டு பேருக்கும் நடுவே ஊடாட்டம் அதிகமாகிவிட்டது. இவர்கள் இன்னும் கொஞ்சம் பகுத்தறிவோடு ஆடுவார்கள் என்றல்லவா எதிர்பார்த்திருப்போம் என்று ஒரு குத்தலும் உண்டு. சரியாகச் சோதிக்க வேண்டுமானால் இரண்டு காரியம் செய்யுங்கள் என்றார்: எதிராளியை மாற்றிக்கொண்டே இருங்கள், மற்றவர்கள் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எல்லாம் முடியும் வரை சொல்லாதீர்கள். அப்போது முடிவு வேறு மாதிரி வரும்.

நாஷ் சொன்னது கணிதமாகச் சரி. ஆனால் அந்த இரண்டு நிபந்தனைகளையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனை இன்னொருவன் காலை வார வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறைக் குறிப்பு கிடையாது.

*

இந்த ஆட்டத்துக்கு இன்று நமக்குத் தெரிந்த கதையைக் கொடுத்தவர் நாஷின் ஆய்வு வழிகாட்டி ஆல்பர்ட் டக்கர். அதே 1950-ல் ஸ்டான்ஃபோர்டில் உளவியல்காரர்களுக்கு ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. கணிதத்தைக் காட்டி அவர்களைத் தூங்க வைக்க விரும்பாமல் ஒரு கதை கட்டினார். கூட்டுக் களவாணிகள் இரண்டு பேர், தனித்தனி அறை, போலீஸ் இரண்டு பேரிடமும் ஒரே பேரம் பேசுகிறது: ‘நீ காட்டிக்கொடுத்தா உனக்கு விடுதலை, அவன் மாட்டிக்குவான். அவன் முந்திக்கிட்டா நீ மாட்டிக்குவ.’ இதுதான் ‘கைதிகளின் இக்கட்டு’. சினிமாவில் வரும் விசாரணைக் காட்சிகள் பாதிக்கு இதுதான் முதலீடு.

கதை அமைந்ததில் ஒரு தந்திரம் ஒளிந்துகொண்டது. கைதிகள் இருவருக்கும் பெயரில்லை, ஊரில்லை. நேற்று என்று ஒன்று இல்லை. வெளியே வந்த பிறகு ஒரே தெருவில்தான் குடியிருக்கப் போகிறார்களா என்பதும் கதையில் இல்லை. ஆல்ச்சியன் - வில்லியம்ஸ் ஆட்டத்தில் 100 சுற்று இருந்தது. டக்கரின் கதையில் ஒரே சுற்று. உலகம் பிடித்துக்கொண்டது கதையை.

ராண்ட் சும்மா விளையாட்டுக்காக ஆரம்பிக்கப்பட்ட இடம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல், அமெரிக்க விமானப்படையின் பணத்தில் தொடங்கியது. அணுகுண்டு காலத்தில் போர் என்றால் என்ன என்று யோசிக்க ஆள் வேண்டியிருந்தது. 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. ஆல்ச்சியனும் வில்லியம்ஸும் சென்ட்டுக்கு ஆடிய அதே ஜனவரியின் கடைசி நாளில், ஹைட்ரஜன் குண்டு வேலை தொடரும் என்று அதிபர் ட்ரூமன் அறிவித்தார். இனி இரண்டு பேரிடமும் குண்டு. சேர்ந்து நிற்பது என்றால் போடாமல் இருப்பது. காலை வாருவது என்றால் முந்திப் போடுவது. அந்தச் சின்ன அட்டவணையில் சென்ட்டுக்குப் பதிலாக நகரங்களை எழுதினால் போதும்.

எழுதிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆட்டக் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லப்படும் ஜான் வான் நாய்மன் (1928-ல் முதல் பெரிய தேற்றம், 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய தடிமனான புத்தகம்) சோவியத்தை முந்திக்கொண்டு தாக்குவதை ஆதரித்தவர். நாளைக்கு என்றால் ஏன் இன்றைக்குக் கூடாது, இன்று ஐந்து மணிக்கு என்றால் ஏன் ஒரு மணிக்குக் கூடாது என்ற தொனியில் அவர் பேசியதாக, 1957-ல் அவர் இறந்த பிறகு வந்த அஞ்சலிக் கட்டுரை ஒன்று பதிவு செய்தது. அவர் தனி ஆளும் இல்லை. 1950 ஆகஸ்டில் கடற்படைச் செயலர் ஃபிரான்சிஸ் மேத்யூஸ், அமைதிக்காக நாமே போரைத் தொடங்கலாம் என்கிற அர்த்தத்தில் பாஸ்டனில் மேடையிலேயே பேசினார். அரசு அவசரமாகக் கைகழுவியது. மறு வருஷம் மனிதர் அயர்லாந்துக்குத் தூதராக அனுப்பி வைக்கப்பட்டார்.

வான் நாய்மன் முட்டாள் இல்லை, கொடுங்கோலனும் இல்லை. ஒரே சுற்று என்று எடுத்துக்கொண்டால் அவர் கணக்கில் பிழை கண்டுபிடிப்பது சிரமம். அணுப் போரைப் பற்றி யோசிக்கும்போது எல்லோருக்கும் அது ஒரே சுற்று போலத்தான் தெரியும். இரண்டாம் சுற்றுக்கு யார் இருக்கப்போகிறார்கள்? ஆனால் இரண்டு வல்லரசுகளும் தினமும் ஆடிக்கொண்டிருந்தன. பெர்லினுக்குப் போகும் சாலையில், ஐ.நா.வில், கடலுக்கடியில். ஒவ்வொரு நாளும் போடாமல் விட்ட ஒரு குண்டு ஒரு சுற்று. 1962 அக்டோபரில் கியூபாவை ஒட்டி உலகம் விளிம்பு வரை போய்த் திரும்பியபோது, குருஷ்சேவின் கடிதம் வாஷிங்டன் வந்து சேர்ந்து மொழிபெயர்த்துப் படிக்கப்படவே மணிக்கணக்கில் ஆனது. அடுத்த வருஷமே இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே நேரடித் தொடர்பு போட்டார்கள். படங்களில் காட்டும் சிவப்பு டெலிபோன் இல்லை அது; டெலிபிரிண்டர். டக்கரின் இரண்டு கைதிகளுக்கும் நடுவிலிருந்த சுவரில் போட்ட ஓட்டை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை ‘ஒற்றுமையே பலம்’ என்று பள்ளிக்கூடச் சுவர் வாசகமாகிவிடும். சேர்ந்து நிற்பது எப்போதும் நல்ல காரியம் கிடையாது. நான்கு சிமென்ட் கம்பெனிகள் பேசி வைத்துக்கொண்டு விலை ஏற்றுவதும் சேர்ந்து நிற்பதுதான். நஷ்டம் வீடு கட்டுகிறவனுக்கு. இதை உடைக்க அமெரிக்க நீதித்துறை 1993-ல் ஒரு விதியைக் கூர்மையாக்கியது: கூட்டுச்சதியை முதலில் வந்து ஒப்புக்கொள்ளும் கம்பெனிக்குக் குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு, இரண்டாவதாக வருபவருக்கு அது கிடையாது. வாக்குமூலங்கள் வந்து குவிந்தன. இந்தியப் போட்டி ஆணையமும் 2009-ல் இதே பாணியில், முதலில் காட்டிக்கொடுப்பவருக்கு அபராதத்தைக் குறைக்கும் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. டக்கர் கட்டிய கதையை ஓர் அரசு வேண்டுமென்றே நிஜத்தில் கட்டுகிறது. ஆட்டத்தின் விதியை யார் எழுதுகிறார் என்பது, யார் ஆடுகிறார் என்பதைவிடப் பல நேரம் முக்கியம்.

*

சுற்றுகள் தொடர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை முறையாகக் கையில் எடுத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட். 1970-களின் இறுதியில் ஒரு போட்டி அறிவித்தார். கைதிகளின் இக்கட்டை 200 சுற்று ஆடும் ஒரு கணினி நிரலை அனுப்புங்கள். எல்லா நிரல்களும் எல்லாவற்றோடும் மோதும். மொத்தப் புள்ளி யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். பொருளாதாரம், உளவியல், கணிதம் என்று பல துறைகளிலிருந்து 14 நிரல்கள் வந்தன. சிலது படு தந்திரம்: எதிராளியின் போக்கைப் புள்ளியியல் கொண்டு கணித்து, அசந்த நேரம் பார்த்து வாருபவை.

ஜெயித்தது வந்ததிலேயே சின்ன நிரல். அனுப்பியவர் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் அனடோல் ராப்பபோர்ட். நிரல் செய்வது இவ்வளவே: முதல் சுற்றில் சேர்ந்து நில். அதன் பிறகு, போன சுற்றில் எதிராளி என்ன செய்தானோ அதையே செய்.

‘டிட் ஃபார் டாட்’ என்று பெயர். தமிழில் ‘பழிக்குப் பழி’ என்று எழுதினால் அதன் பாதி செத்துப்போகிறது. பழி அதில் பாதிதான். முதலில் கொடுப்பதும், அவன் திருந்திய அடுத்த சுற்றே பழையதை மறப்பதும் மீதி. நம் ஊர் மொய் நோட்டு ஓரளவு கிட்ட வரும். ஆனால் மொய் நோட்டுக்கு ஞாபகம் ஜாஸ்தி. மூன்று தலைமுறைக்கு முன்னால் செய்யாமல் விட்ட செய்முறை வரை அதில் இருக்கும். டிட் ஃபார் டாட்டுக்குப் போன சுற்று மட்டும்தான் ஞாபகம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்த நிரலால் எந்தத் தனி ஆட்டத்திலும் எதிராளியைவிட அதிகப் புள்ளி எடுக்கவே முடியாது. தானாக முதலில் வாராது என்பதால், அதிகபட்சம் சமன். இல்லாவிட்டால் ஒரு படி கீழே. ஒருவரையும் தோற்கடிக்காமல் போட்டியை ஜெயித்தது. தந்திரக்காரர்கள் ஒருவரை ஒருவர் வாரி வாரிச் சரிந்தார்கள். இது போன இடமெல்லாம் எதிராளியையும் சேர்த்துச் சம்பாதிக்க வைத்துத் தானும் சம்பாதித்தது. முதல் எட்டு இடங்களைப் பிடித்த அத்தனை நிரல்களும், தானாக முதலில் வாராத ரகம்.

ஆக்ஸல்ராட் முடிவை எல்லோருக்கும் அனுப்பி, இதைப் படித்துவிட்டு இதை ஜெயிக்க ஏதாவது அனுப்புங்கள் என்று மறுபடி அழைத்தார். இம்முறை ஆறு நாடுகளிலிருந்து 62 நிரல்கள். எந்தச் சுற்றோடு முடியும் என்பதை இம்முறை முன்கூட்டிச் சொல்லவில்லை. காரணம் உண்டு. நூறாவது சுற்றுதான் கடைசி என்று தெரிந்தால் அதில் வாருவதுதான் லாபம், அதற்கு மேல் நாளை இல்லை. நூறில் எப்படியும் வாருவான் என்று தெரிந்தால் தொண்ணூற்றொன்பதில் ஏன் நிற்க வேண்டும்? இப்படியே பின்னோக்கி அவிழ்த்தால் முதல் சுற்று வரை நூல் கழன்று வந்துவிடும். முடிவு எப்போது என்று தெரியாதவரை அந்த நூல் அவிழாது. இரண்டாம் முறையும் ராப்பபோர்ட் அதே நிரலைத்தான் அனுப்பினார். மறுபடியும் அதுதான் ஜெயித்தது.

ராப்பபோர்ட்டைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். 1911-ல் இன்றைய உக்ரைனில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, வியன்னாவில் பியானோ படித்து மேடைக் கச்சேரி செய்தவர். அதை விட்டுக் கணிதத்துக்கு வந்தார், போரில் விமானப்படையில் இருந்தார், பிறகு வாழ்நாள் முழுக்கப் போர்களை எதிர்த்தார். வியட்நாம் போருக்கு எதிராக 1965-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இரவு முழுக்க விழித்து நடத்திய முதல் ‘டீச்-இன்’னில் இருந்தவர்களில் ஒருவர். அதற்கு முந்தைய வருஷமே, கோடிக்கணக்கான சாவை அட்டவணைக் கட்டங்களுக்குள் போட்டுக் கணக்குப் பார்க்கும் ராண்ட் வகைச் சிந்தனையைத் தாக்கி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஆக, ராண்டில் பிறந்த புதிரில் ஜெயித்த நிரல், ராண்டின் யோசிக்கும் முறையோடு ஆயுளுக்கும் சண்டை போட்டவரிடமிருந்து வந்தது. அந்த நிரலை ஏதோ வாழ்க்கைத் தத்துவம் மாதிரி மற்றவர்கள் தூக்கிப் பிடித்தபோது, அவரே தலையில் தட்டி உட்கார வைத்ததும் உண்டு. ஒரு பலவீனம் நிஜமாகவே இருக்கிறது: கை தவறி ஒரே ஒரு முறை வாரிவிட்டால் போதும், இரண்டு டிட் ஃபார் டாட்களும் மாறி மாறித் திருப்பி அடித்துக்கொண்டே இருக்கும். மன்னிப்புக் கேட்க அதற்குத் தெரியாது.

*

போட்டி முடிவுகளை வைத்து ஆக்ஸல்ராட் 1984-ல் ‘ஒத்துழைப்பின் பரிணாமம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். நிரல்கள் நல்லவையாக நடந்துகொண்டதைப் பார்த்து யாரும் நம்பிவிடப்போவதில்லை. மனிதர்கள் வேண்டும், அதுவும் எதிரிகள். அவருக்குக் கை கொடுத்தது டோனி ஆஷ்வொர்த் என்ற சமூகவியலாளர் 1980-ல் வெளியிட்ட ஆய்வு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் எழுதிய டைரிகள், கடிதங்கள், நினைவுக் குறிப்புகளைத் துருவி ஆஷ்வொர்த் கண்டெடுத்த ஒரு பழக்கத்துக்கு அந்த வீரர்களே வைத்திருந்த பெயர்: வாழு, வாழவிடு.

1914 இலையுதிர்காலத்துக்குள் பிரான்ஸ், பெல்ஜியம் நெடுக இரண்டு படைகளும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. நடுவே யாருக்கும் சொந்தமில்லாத நிலம், சில இடங்களில் சில நூறு அடிதான். எதிரே இருக்கும் அதே ஜெர்மானியர்கள் நாளைக்கும் எதிரேதான் இருப்பார்கள், அடுத்த வாரமும். முதலில் சாப்பாட்டு நேரம் அமைதியானது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள், ஒரே நேரத்தில் துப்பாக்கி ஓய்ந்தது. பிறகு உணவு வண்டிகள் வரும் பாதை. இருட்டியதும் எதிரியின் பின்பக்கச் சாலையில் வண்டிகள் நெருக்கியடித்து வரும். பீரங்கிக்கு அதைவிடச் சுலபமான குறி கிடையாது. யாரும் அடிப்பதில்லை. நாம் அவன் சோற்றில் கை வைத்தால் அவனும் நம் சோற்றில் கை வைப்பான். கணக்கு அவ்வளவுதான். அன்பு இல்லை, சமாதானக் கொள்கை இல்லை. அதே ஆட்கள் மேலிடத்திலிருந்து பெருந்தாக்குதலுக்கு உத்தரவு வந்த அன்று கொன்றார்கள், செத்தார்கள்.

இந்த ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பேசவே பல இடங்களில் முடியாது. சுடுவதன் மூலமே பேசினார்கள். ஒரு ஸ்னைப்பர் எதிர்ப்பக்கக் குடிசைச் சுவரில் ஒரே புள்ளியைக் குறிவைத்து ஓட்டை விழும் வரை சுடுவான். ‘என்னால முடியும், வேண்டாம்னுதான் உன்னை விட்டிருக்கேன்’ என்பது அதன் அர்த்தம். பீரங்கிகள் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் குண்டு போட்டன. அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் ஆள் இருக்காது. பின்னாலிருந்து பார்க்கும் அதிகாரிக்குப் போர் ஜோராக நடக்கிறது. ஒருவன் எல்லை மீறினால் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு அமைதி. ஒரு பட்டாலியன் போய் இன்னொன்று அந்தக் குழிக்கு வரும்போது, போகிறவர்கள் வருகிறவர்களுக்கு ஊர் நடப்பைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்: நீ அவனைச் சும்மா விடு, அவனும் சும்மா விடுவான்.

ராப்பபோர்ட்டின் நிரலுக்குத் தெரியாத ஒன்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓர் இடத்தில், இரண்டு பக்கமும் கொஞ்சம் தலை காட்டிக்கொண்டிருந்த வேளையில் ஜெர்மானியப் பக்கத்திலிருந்து திடீரென்று பீரங்கிச் சரமாரி வந்து விழுந்தது. இரண்டு தரப்பும் குழிக்குள் பாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சாக்சனிக்காரர் துணிந்து மேலே ஏறி நின்று கத்தினார்: மன்னிச்சுக்கோங்க, யாருக்கும் அடிபடலையே? இது எங்க வேலை இல்லை, அந்தப் பாழாப்போன பிரஷ்யன் பீரங்கிக்காரனுங்க. ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் நினைவுக் குறிப்பில் இருக்கிறது இந்தச் சம்பவம்.

தளபதிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 1914 டிசம்பர் தொடக்கத்திலேயே, அந்தப் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சண்டை நிறுத்தத்துக்கு முன்பே, பிரிட்டிஷ் தளபதி ஹொரஸ் ஸ்மித்-டொரியன் தன் படைப்பிரிவுக்கு எச்சரிக்கை அனுப்பினார்: நெருங்கிக் கிடக்கும் படைகள் ‘வாழு, வாழவிடு’ மனநிலைக்குள் சறுக்கிவிடும், இடம் கொடுக்காதீர்கள். அடுத்த வருஷக் கிறிஸ்துமஸில் இறந்தவர்களைப் புதைக்கச் சிறிது நேரம் சண்டையை நிறுத்த அனுமதித்த ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை அதிகாரி இயன் கால்ஹூனை, 1916 ஜனவரியில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். தண்டனை ஒரு கண்டனம். அதையும் தலைமைத் தளபதி ஹெய்க் ரத்து செய்தார். விசாரணைகளால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சுடு என்றால் சுடுவான். எங்கே பார்த்துச் சுடுகிறான் என்று அரைக் கிலோமீட்டர் பின்னாலிருக்கும் மேலதிகாரிக்கு எப்படித் தெரியும்?

அதை உடைத்தது ரெய்டு. இரவில் பத்து பேரோ, நூறு இருநூறு பேரோ, எதிரியின் குழிக்குள் குதித்துக் கொல்ல வேண்டும் அல்லது ஆள் பிடித்து வர வேண்டும். எப்போது, எங்கே என்பதைத் தலைமையகம் முடிவு செய்தது. இதைப் பாவனை செய்ய முடியாது. ஜெயித்தால் கைதி வருவான். தோற்றால் நம் பக்கம் பிணம் விழும். இரண்டும் இல்லாமல் திரும்பினால் போகவே இல்லை என்று அர்த்தம். நேற்று வரை சாப்பாட்டு நேரத்தை மதித்தவன் நள்ளிரவில் கத்தியோடு குதித்தால், அடுத்த நாள் அவனை எந்தக் கணக்கில் வைப்பது? ரெய்டு எதிர்ரெய்டைக் கொண்டுவந்தது. எங்கிருந்து எப்போது அடி விழும் என்று தெரியாதபோது சுவரில் ஓட்டை போட்டுக் காட்டும் பாஷை செல்லாக்காசானது. எதிரே இருப்பவர்களோடு ரொம்பப் பழகிவிட்டதாகச் சந்தேகப்பட்ட படைகளை வேறு இடத்துக்கு மாற்றவும் செய்தார்கள்.

எதிராளியை மாற்று, அவன் என்ன செய்வான் என்பதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய். ஒரு பரிசோதனையைச் சுத்தப்படுத்த நாஷ் கேட்ட இரண்டும்தான். தளபதிகள் நாஷைப் படித்திருக்க முடியாது, அவர் பிறக்கவே இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது.

ரெய்டு வாடிக்கையான இடங்களில் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு இருந்த மரியாதை முதலில் போனது. உணவு வண்டிச் சாலைகள் மறுபடி குறிக்குள் வந்தன. குழிக்குள் புதிதாக வந்தவர்களிடம், எதிரே இருப்பவனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக, போகிறவர்களிடம் எதுவும் இல்லை.